வீட்டுல கார் வேலைக்கும் பெயிண்டிங்குக்கும் எந்த கம்ப்ரசர்? சிங்கிள் ஃபேஸ், பட்ஜெட் 35 ஆயிரம் வரைக்கும்

திருச்சி_800:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்ரீரங்கத்துல இருந்து எழுதுறேன். வீட்டுல அப்பா வாங்கின 2004 மாடல் மாருதி 800 இருக்கு, வெள்ளை. இஞ்சின் இன்னும் சூப்பரா ஓடுது, பாடிதான் போச்சு. ரெண்டு பக்கமும் கதவுக்குக் கீழ துரு ஏறிருச்சு, பானெட்டும் ரூஃபும் வெளுத்துப்போய் கை வச்சா வெள்ளையா ஒட்டுது. ஷெட்ல குடுத்தா ஃபுல் பாடி அடிக்க கேக்குற காசு வண்டி விலைக்குப் பக்கத்துல வருது, அதுவும் போக எனக்கே இந்த வேலையைக் கத்துக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. டிங்கரிங் மட்டும் தெரிஞ்ச ஆள்கிட்ட குடுத்துட்டு பட்டி, ப்ரைமர், பெயிண்ட் எல்லாம் போர்ட்டிகோவுலயே வச்சு ஒவ்வொரு பேனலா நானே பண்ணலாம்னு இருக்கேன். அவசரம் கிடையாது.

பெயிண்ட் தவிர டயருக்கு காத்து, ஏர் ஃபில்டர் ஊதுறது, பிரேக் டிரம்மைக் கழட்டி தூசி ஊதுறது, முடிஞ்சா ஒரு இம்பாக்ட் ரெஞ்ச், ஒரு சாண்டர். இதுக்கெல்லாம் ஒரே கம்ப்ரசர் போதுமான்னு தெரியல.

கடையில மூணு காட்டுறாங்க. ஒண்ணு 50 லிட்டர் ஆயில் ஃப்ரீ, சத்தம் கம்மின்னு சொல்றாங்க, 13 ஆயிரம். இன்னொண்ணு 50 லிட்டர் டைரக்ட் டிரைவ், ஆயில் ஊத்துற டைப், ஸ்டிக்கர்ல 3 ஹெச்பின்னு போட்டிருக்கு ஆனா சாதா பிளக்குலயே ஓடும்ங்கறாரு, 11 ஆயிரம்தான். மூணாவது கோயம்புத்தூர் மேக் பெல்ட் டிரைவ், 2 ஹெச்பி, 160 லிட்டர் டேங்க், புதுசு 38 ஆயிரம். இதே மாதிரி ஒண்ணு பழசு, மூடப்போற பஞ்சர் கடையில 19 ஆயிரத்துக்கு வருது. வீட்டுல சிங்கிள் ஃபேஸ்தான், சாயந்திரம் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும். 3 ஹெச்பி போட்டிருக்கறது 11 ஆயிரத்துக்கும் 2 ஹெச்பி 38 ஆயிரத்துக்கும் எப்படின்னே புரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கன்மேன்_மதுரை:

தம்பி, நான் மதுரையில பெயிண்ட் வேலைதான் பாக்குறேன். கம்ப்ரசர் கடைக்கு அப்புறம் போங்க, முதல்ல எந்த ஸ்ப்ரே கன்ல அடிக்கப்போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. எல்லாரும் இதை தலைகீழா பண்றாங்க, டேங்க் பெருசா இருக்கேன்னு ஒண்ணை வாங்கிட்டு வந்து அதுக்கப்புறம் கன் தேடுறாங்க. கன் எவ்வளவு காத்து கேக்குதோ அதைக் குடுக்குற கம்ப்ரசர்தான் வேணும், ஹெச்பியையும் லிட்டரையும் அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.

காத்தோட அளவை சிஎஃப்எம்ல சொல்லுவாங்க, நிமிஷத்துக்கு எத்தனை கன அடின்னு. ஹெச்விஎல்பி கன் இருக்கே, அது காத்து வெளிய வர்ற மூடியில (கேப்) அழுத்தம் 10 பிஎஸ்ஐக்கு மேல போகாம நிறைய காத்தை மெதுவா தள்ளி அடிக்கிற டைப், பெயிண்ட் வீணாகுறது கம்மி, ஆனா 9 சிஎஃப்எம்ல ஆரம்பிச்சு 14 வரைக்கும் சாப்பிடும். வீட்டு கம்ப்ரசர் எதுவும் அதுக்கு ஈடு குடுக்காது. எல்விஎல்பின்னு இன்னொரு டைப் இருக்கு, அது 4, 5 சிஎஃப்எம்ல வேலை செய்யும். விசிறி கொஞ்சம் குறுகலா வரும், கை மெதுவா போகணும், பேனல் பேனலா அடிக்கிறவனுக்கு அது ஒரு குறையே இல்ல. உங்களுக்கு 1.3 நாசில் போட்ட எல்விஎல்பி ஒண்ணு பெயிண்டுக்கு, ப்ரைமர் சர்ஃபேஸருக்கு 1.7 இல்ல 1.8 நாசில்ல மலிவா ஒரு கன் தனியா. ஒரே கன்ல ப்ரைமரையும் பெயிண்டையும் மாத்தி மாத்தி ஊத்தாதீங்க, எவ்வளவு கழுவினாலும் எங்கயாவது ஒரு துளி ப்ரைமர் நின்னு கடைசி கோட்ல வந்து உக்காரும்.

காத்து பத்தலைன்னா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கணும். பானெட்டோட இந்த ஓரத்துல ஆரம்பிக்கும்போது 2 பார் இருக்கும், அந்த ஓரத்துக்குப் போறதுக்குள்ள 1.3க்கு இறங்கிரும். பெயிண்ட் உடையுறது குறைஞ்சு துளி பெருசா விழும், ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி சொரசொரப்பா (ஆரஞ்சு பீல்) வரும். சில்வர், கிரே மாதிரி மெட்டாலிக் கலரா இருந்தா இன்னும் மோசம், அலுமினியத் துகள் படுக்குற விதமே பிரஷர் மாறினா மாறும், ஒரே பானெட்ல ஒரு பக்கம் வெளிச்சமாவும் ஒரு பக்கம் இருட்டாவும் திட்டுத்திட்டா தெரியும், அதை பாலிஷ் போட்டெல்லாம் எடுக்க முடியாது, திரும்பத்தான் அடிக்கணும். உங்க வண்டி சாலிட் வெள்ளைங்கறது நல்லது. சாலிட் கலர்ல பேனல் பேனலா வெவ்வேறு நாள் அடிச்சாலும் சேரும், லேசா தோல் விட்டாலும் 1500, 2000 வாட்டர் பேப்பர் போட்டு காம்பவுண்ட் தேச்சு எடுத்துரலாம்.

சாண்டர் விஷயத்துல ஆசையே வேணாம். காத்துல ஓடுற டிஏ சாண்டர் (சுத்திக்கிட்டே ஆடித் தேய்க்கிற டைப்) 8லிருந்து 12 சிஎஃப்எம், அதுவும் நிறுத்தாம. கன்னாவது ஒரு பேனல் முடிஞ்சதும் விடும், சாண்டர் விடாது. கரண்ட்ல ஓடுறது ஒண்ணு வாங்குங்க, இல்லைன்னா ரப்பர் பிளாக்ல பேப்பரைச் சுத்தி கையிலயே பட்டியைத் தேயுங்க. முதல் வண்டிக்கு கைதான் நல்லது, மேடு பள்ளம் எங்க இருக்குன்னு உள்ளங்கை சொல்லிரும்.

இம்பாக்ட் ரெஞ்ச் பரவாயில்ல, அது விட்டு விட்டு அடிக்கிறது, டேங்க்ல இருக்கிற காத்தே வீல் நட்டு கழட்டப் போதும்.

வீக்கெண்ட்_ஸ்பேனர்:

நான் சென்னையில அபார்ட்மென்ட்ல இருக்கேன், என்கிட்ட இருக்கறது நீங்க சொன்ன முதல் டைப், 50 லிட்டர் ஆயில் ஃப்ரீ. மேல அண்ணன் சொன்ன மாதிரி எல்விஎல்பி கன்தான் வச்சிருக்கேன். பம்பர், மிரர் கவர், ஃபெண்டர், ஸ்கூட்டர் பேனல்னு நிறைய அடிச்சாச்சு, ரிசல்ட் நல்லாவே வருது. என்ன ஒண்ணு, ஒரு கோட் அடிச்சா கம்ப்ரசர் நிக்கிற வரைக்கும் விட்டுட்டு அடுத்த கோட்டுக்குப் போகணும், கோட்டுக்குக் கோட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் எப்படியும் காய விடணும்ல, அதுலயே டேங்க் நிரம்பிடும்.

டைரக்ட் டிரைவ் ஆயில் டைப்பை மட்டும் வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க ப்ரோ. மோட்டார் 2800 ஆர்பிஎம்ல நேரா பிஸ்டனை அடிக்குது, பக்கத்துல நின்னு பேசவே முடியாது, பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருந்தா அன்னைக்கே சண்டை வரும். ஆயில் ஃப்ரீயில 1400 ஆர்பிஎம் மோட்டார் போட்டது வாங்குங்க, சத்தம் நிஜமாவே கம்மி. காத்துல ஆயில் கலக்குற பிரச்சனையும் கிடையாது. ஆனா அதுல பிஸ்டன் ரிங் டெஃப்லான் மாதிரி ஒரு பொருள், தேயும். நாள் முழுக்க ஓட்டுற மெஷின் கிடையாது அது, சூடாகி தானா கட் ஆகும். 800 ஒரே ஒரு வண்டின்னா இதுவே போதும்னுதான் சொல்லுவேன், இம்பாக்ட் ரெஞ்சை பேட்டரில ஓடுறதா வாங்கிட்டா கம்ப்ரசர் மேல பாதி சுமை போயிடுது.

காயில்_கோவை:

கோயம்புத்தூர்ல மோட்டார் ரீவைண்டிங், கம்ப்ரசர் சர்வீஸ் ரெண்டும் பண்றோம். 3 ஹெச்பி 11 ஆயிரம் கதையை முதல்ல சொல்லிடறேன். 1 ஹெச்பின்னா 746 வாட். 3 ஹெச்பி நிஜமா வேணும்னா மோட்டார் வெளிய குடுக்கறதே 2200 வாட்டுக்கு மேல, உள்ள இழுக்கறது அதை விட ஜாஸ்தி, சிங்கிள் ஃபேஸ்ல 14 ஆம்பியர் கிட்ட வரும். சாதா 6 ஆம்பியர் பிளக்குல அது ஓடவே ஓடாதுங்க. ஸ்டிக்கர்ல போட்டது ஸ்டார்ட் ஆகுற அந்த நொடியில இழுக்கற பீக் கணக்கு. ஸ்டிக்கரை விட்டுட்டு மோட்டார் மேல இருக்கற தகட்டுல வாட் என்ன, ஆம்பியர் என்னன்னு படிங்க. காப்பர் வைண்டிங்கான்னு கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க, எங்க கைக்கு எரிஞ்சு வர்ற மலிவு மோட்டார்ல நிறைய அலுமினியம்தான்.

அடுத்தது சிஎஃப்எம்லயும் ரெண்டு கணக்கு இருக்குங்க. பிஸ்டன் டிஸ்ப்ளேஸ்மென்ட்னு போட்டிருந்தா அது சிலிண்டரோட அளவை வச்சு பேப்பர்ல போட்டது. உங்களுக்கு வேண்டியது எஃப்ஏடி, நிஜமா வெளிய வர்ற காத்து. நல்ல மெஷின்ல முன்னாடி சொன்னதுல முக்கால் பங்கு வரும், சாதாரணத்துல அதுக்கும் கீழ. கேட்லாக்ல எஃப்ஏடி போடலைன்னா டிஸ்ப்ளேஸ்மென்ட்டைத்தான் போட்டிருக்காங்கன்னு எடுத்துக்கங்க.

டேங்க் கணக்கு இப்படி. 50 லிட்டர் டேங்க் 8 பார்ல நிக்குது, கன் ரெகுலேட்டர்ல 2, 2.5 வேணும், அப்போ டேங்க் 3 பார் வரைக்கும் இறங்கலாம். 5 பார் இறங்குது, 50 லிட்டர், பெருக்கினா 250 லிட்டர் காத்து, அதாவது 9 கன அடி கூட இல்ல. கன் 10 கேக்குது, மெஷின் 4 குடுக்குதுன்னா நிமிஷத்துக்கு 6 பற்றாக்குறை, ஒன்றரை நிமிஷத்துல கன் திணற ஆரம்பிச்சிடும். 160 லிட்டர்ல அதே கணக்கு 800 லிட்டர், 28 கன அடி, மெஷின் 6 குடுத்தா பற்றாக்குறை 4, ஏழு நிமிஷம் தாங்கும். 800ஓட பானெட் ஒரு கோட் ரெண்டு மூணு நிமிஷத்துல முடிஞ்சிடும், ரூஃபும் அப்படித்தான். ஆக பெரிய டேங்க்ல ஹெச்விஎல்பியே சின்ன வேலைக்கு ஓட்டலாம், எல்விஎல்பின்னா கவலையே வேண்டாம். டேங்க் பெருசா இருந்தா மெஷின் அடிக்கடி ஸ்டார்ட் ஆகாதுங்கறது இன்னொரு லாபம், சிங்கிள் ஃபேஸ்ல கெபாசிட்டரும் சுவிட்ச்சும் போறது பெரும்பாலும் அடிக்கடி ஸ்டார்ட் ஆகுறதாலதான். அதே சமயம் டேங்க் பெருசுன்னு மட்டும் நம்பிடாதீங்க, 1 ஹெச்பி மோட்டாரை 160 லிட்டர் டேங்க் மேல வச்சா நிரம்பற வரைக்கும் நீங்க காத்துட்டு இருக்கணும்.

கரண்ட் பத்தி. 2 ஹெச்பி ஓடும்போது 9, 10 ஆம்பியர், ஸ்டார்ட்ல அதுமாதிரி அஞ்சு ஆறு மடங்கு ஒரு நொடிக்கு. 16 ஆம்பியர் பாயிண்ட் ஒண்ணு மெயின் போர்டுல இருந்து தனி லைனா, 4 ஸ்கொயர் மில்லி காப்பர் ஒயர், ஸ்டார்ட் இழுப்புக்கு டிரிப் ஆகாத சி கர்வ் எம்சிபி, எர்த் கண்டிப்பா. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வச்சு ஓட்டாதீங்க, ஒல்லி ஒயர்ல வோல்டேஜ் இறங்கி மோட்டார் ஸ்டார்ட் ஆக முடியாம உறுமும், அந்த உறுமல்லதான் காயில் எரியுது. தூரம் வேணும்னா ஒயரை நீட்டாதீங்க, ஏர் ஹோஸை நீட்டுங்க. சாயந்திரம் வோல்டேஜ் இறங்குதுன்னா காலையில வேலை பாருங்க, பெயிண்டுக்கும் அதுதான் நேரம். காசு வாங்கிட்டு வெளி வண்டி அடிக்கிற எண்ணம் இருந்தா வீட்டு கரண்ட் கனெக்ஷன்ல பண்ண முடியாதுங்கறதையும் மனசுல வச்சுக்கங்க.

என் ஓட்டு பெல்ட் டிரைவ் 2 ஹெச்பிக்குத்தான். பெல்ட்ல பம்ப் மெதுவா சுத்துது, சூடு கம்மி, வால்வு பிளேட், ரிங், கேஸ்கட் எல்லாமே எங்க ஊர்ல தனித்தனியா கிடைக்கும், இருபது வருஷம் ஓடின ஹெட்டை, அதாவது பம்ப்பைக்கூட ரெடி பண்ணிடலாம். ஆயில் ஃப்ரீ சின்ன மெஷின்ல ஹெட் போச்சுன்னா முழுசாத்தான் மாத்தணும்.

திருச்சி_800:

அண்ணா எல்லாருக்கும் ரொம்ப நன்றி, கடையில அரை மணி நேரம் நின்னும் கிடைக்காத விஷயம் இங்க கிடைச்சிருச்சு. பெல்ட் டிரைவ் பக்கம் மனசு போகுது. புதுசு பட்ஜெட்டுக்கு மேல, அதனால அந்த பஞ்சர் கடை மெஷினைப் போய் பாக்கலாம்னு இருக்கேன். என்ன பாக்கணும்? அப்புறம் எங்க வீடு கொள்ளிடம் கரைப் பக்கம், மழைக்காலத்துல காத்துல ஈரம் ஜாஸ்தி, பெயிண்ட்ல தண்ணி வருமா? கடைக்காரர் ஒரு சின்ன கண்ணாடி ஃபில்டரை டேங்க் வாய்லயே மாட்டித் தர்றேன்னாரு.

கன்மேன்_மதுரை:

டேங்க் வாய்ல மாட்டுற ஃபில்டர் பாதி வேலைதான் செய்யும் தம்பி. அங்க காத்து சூடா இருக்கு, தண்ணி இன்னும் ஆவியா இருக்கு, ஃபில்டர் பிடிக்கிறது துளியைத்தான், ஆவியைப் பிடிக்காது. அது ஃபில்டரைத் தாண்டி ஹோஸ்ல போகப்போக ஆறி துளியாகும், கன் வாய்ல வந்து துப்பும்.

எவ்வளவு தண்ணின்னு கேட்டா நம்ப மாட்டீங்க. 30 டிகிரி வெயில், 80 சதவீதம் ஈரம் இருக்கிற நாள்ல ஒரு கன மீட்டர் காத்துல 24 கிராம் தண்ணி இருக்கும். உங்க மெஷின் நிமிஷத்துக்கு 150 லிட்டர் இழுத்தா ஒரு மணி நேரத்துக்கு 9 கன மீட்டர், 200 கிராமுக்கு மேல தண்ணி உள்ள போகுது. 8 பாருக்கு அமுக்கி 40 டிகிரிக்கு ஆறினதும் அந்தக் காத்தால அம்பது கிராம் கிட்டதான் தாங்கிக்க முடியும், மிச்சம் ஒரு டம்ளர் தண்ணி எங்கயோ விழுந்துதானே ஆகணும்? டேங்க் அடியில விழணும், ஃபில்டர்ல விழணும், ரெண்டும் இல்லைன்னா பானெட் மேல.

அதனால கம்ப்ரசருக்கும் ஃபில்டருக்கும் நடுவுல காத்து ஆற இடம் குடுங்க. சுவரோரமா இருபது இருபத்தஞ்சு அடி ஜிஐ பைப், லேசா சரிவு வச்சு, தாழ்வான மூலையில ஒரு டிரெயின் வால்வு, கன்னுக்குப் போற கிளையை பைப்போட மேல்பக்கத்துல இருந்து எடுத்து கீழ இறக்கணும், அப்போதான் அடியில ஓடுற தண்ணி கிளைக்குள்ள வராது. அதுக்கு அப்புறம் ஃபில்டர் ரெகுலேட்டர். பைப் போட முடியலைன்னா ரப்பர் ஹோஸ் ஒரு பத்து மீட்டரைச் சுருட்டி பக்கெட் தண்ணியில முக்கி வச்சு அதுக்குப் பின்னாடி ஃபில்டரை மாட்டுங்க, ஷெட்ல பல பேர் பண்றதுதான், நல்லாவே வேலை செய்யும். பிவிசி பைப்பை மட்டும் காத்துக்குப் போடவே போடாதீங்க. அது விரிசல் விடுறது கிடையாது, வெடிச்சு சில்லு சில்லா பறக்கும்.

தினமும் வேலை முடிஞ்சதும் டேங்க் அடி வால்வைத் திறந்து தண்ணியை விட்டுருங்க. பெயிண்ட் அடிக்கிற அன்னைக்கு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியும் ஒரு தடவை. நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகையில மழை பிடிச்சுக்கிட்டா நான் அடிக்கிறதையே தள்ளிப் போட்டுருவேன், லேக்கர் பெயிண்டா இருந்தா மேல வெள்ளைப் படலம் விழும். சித்திரை வைகாசியில நேர் எதிர், 40 டிகிரில பெயிண்ட் விழுறதுக்குள்ள காஞ்சு சொரசொரப்பா நிக்கும், ஸ்லோ தின்னர், ஸ்லோ ஹார்ட்னர் கேட்டு வாங்கணும். உங்க ஊருக்கு தை, மாசி, பங்குனி முதல் பாதி, காலையில ஆறு மணிக்கு மேல ஒன்பதுக்குள்ள, தரையைத் தண்ணி தெளிச்சு தூசி அடக்கிட்டு. கொடியில துணி காயுதான்னு பாத்துக்குங்க, பக்கத்து வீட்டு கார் நிக்குதான்னும் பாருங்க, பெயிண்ட் புகை நினைக்கிறதை விட தூரம் போகும்.

இம்பாக்ட் ரெஞ்சுக்கு ஆயில் விடுற லூப்ரிகேட்டர் மாட்டுவீங்கல்ல, அந்த ஹோஸை பெயிண்டுக்கு எடுக்கவே கூடாது. உள்சுவர்ல ஒட்டின ஆயில் மாசக்கணக்குல வரும், பெயிண்ட் அங்கங்க வட்டமா விலகி மீன் கண் மாதிரி குழி விழும். பெயிண்டுக்கு தனி ஹோஸ், வேற கலர்ல வாங்கி தனியா தொங்க விடுங்க. டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் இதுல இருக்கிற சிலிகானும் அதே குழியைத்தான் உண்டாக்கும், அந்த வாரம் போர்ட்டிகோ பக்கமே அதைக் கொண்டு வராதீங்க.

பாதுகாப்பு_ராணிப்பேட்டை:

ஃபேக்டரில சேஃப்டி பாக்குறேன். கம்ப்ரசர் தேர்வுக்கு நடுவுல இதைச் சொல்லலைன்னா எனக்கு மனசு கேக்காது.

2கே பெயிண்ட், 2கே கிளியர், 2கே ப்ரைமர், எதுல ஹார்ட்னர் தனி டப்பால வருதோ அந்த ஹார்ட்னர்ல பெரும்பாலும் ஐசோசயனேட் இருக்கும். அது மூச்சுல போனா ஆஸ்துமா உண்டாக்கும். ஒரு தடவை உடம்பு அதுக்குப் பழகி எதிர்க்க ஆரம்பிச்சிட்டா அப்புறம் துளி பட்டாலே மூச்சு இழுக்கும், பெயிண்டர் வேலையையே விட்டவங்க இதனாலதான். வாசனை வந்தா தெரிஞ்சிடும்னு நினைக்காதீங்க, ஆபத்தான அளவு வாசனை தெரியறதுக்கு முன்னாடியே தாண்டிடும், மூக்குக்கு வர்றது தின்னர் வாசனை. கர்ச்சீப், சர்ஜிக்கல் மாஸ்க், என்95 எதுவும் ஆவியைத் தடுக்காது. ஷெட்ல வெறும் கர்ச்சீப் கட்டிட்டு அடிக்கிறதைப் பாத்துட்டு நாமளும் அப்படியே செய்யறோம். முறையான வழி வெளியிலிருந்து சுத்தமான காத்து வர்ற முகமூடி, அது வீட்டுல நடக்காத காரியம். அதனால என் யோசனை, பட்டி, தேய்க்கிறது, ஹார்ட்னர் கலக்காத ஒன் கே ப்ரைமர் வரைக்கும் வீட்டுல பண்ணுங்க, 2கே மட்டும் பெயிண்ட் அடிக்கிற தனி அறை (பூத்) இருக்கிற இடத்துல வாடகைக்குக் குடுத்து அடிங்க. அப்படியும் வீட்டுலதான்னா ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் தூசி ஃபில்டரும் சேர்ந்த ரெஸ்பிரேட்டர், மீசை தாடி எடுத்துட்டு முகத்துல ஒட்டுற மாதிரி, கையுறை, கண்ணாடி, முழுக்கை, நாலு பக்கமும் திறந்த இடம். கார்ட்ரிட்ஜைப் புதுசா போடுங்க. வீட்டுல குழந்தைங்க, வயசானவங்க இருந்தா அன்னைக்கு வேற வீட்டுக்கு அனுப்பிடுங்க. இதே கம்ப்ரசர் காத்தை முகமூடிக்கு இழுத்து சுவாசிக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ஆயில் போட்ட பம்ப்புல இருந்து கார்பன் மோனாக்சைடு வரைக்கும் வரலாம்.

கம்ப்ரசரை அடிக்கிற இடத்துல இருந்து தள்ளி வைங்க. பிரஷர் சுவிட்ச் கட் ஆகும்போதெல்லாம் உள்ள ஒரு பொறி வரும், தின்னர் ஆவி தரையோரமா பரவி அது வரைக்கும் வந்துச்சுன்னா தீ. தூரமா, முடிஞ்சா சுவருக்கு அந்தப் பக்கம்.

இன்னொண்ணு, பிரேக் டிரம் தூசியை ஊதறதா எழுதியிருந்தீங்க. ஊதாதீங்க தம்பி. பழைய லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், இல்லைன்னாலும் அந்தப் பொடி நுரையீரலுக்கு நல்லது கிடையாது. பிரேக் கிளீனர் அடிச்சு ஈரமாவே துடைச்சு எடுங்க.

காயில்_கோவை:

பழைய மெஷின் பாக்கப் போறீங்கன்னா டேங்க்கை முதல்ல பாருங்க, பம்ப் அப்புறம். பம்ப் எப்படி இருந்தாலும் ரெடி பண்ணிக்கலாம், டேங்க் போயிருந்தா அந்த மெஷினே வேண்டாம். காத்தை முழுசா இறக்கிட்டு அடி வால்வைத் திறங்க. கொஞ்சம் பழுப்புத் தண்ணி வந்தா சகஜம், துருச் செதில் செதிலா கொட்டினா உள்சுவர் தின்னுட்டு இருக்கு. அடிப்பக்கத்தை சின்ன சுத்தியால மெதுவா தட்டிட்டே போங்க, கணீர்னு வர்ற சத்தம் ஒரு இடத்துல மந்தமானா அங்க தகடு மெலிஞ்சிருக்கு. வெல்டிங் பேட்ச் போட்டிருந்தா திரும்பிப் பாக்காம வந்துடுங்க. தகட்டுல வருஷம், டெஸ்ட் பிரஷர் போட்டிருக்கணும். பஞ்சர் கடை மெஷின் நாள் முழுக்க ஓடுது, தினமும் தண்ணி விடுறவங்க ரொம்பக் குறைவு, அதனால முடிஞ்சா ஒரு ஹைட்ரோ டெஸ்ட் பண்ணிக்கிட்டா நிம்மதி. தண்ணி ரொப்பித்தான் டெஸ்ட், காத்துல பண்ணக்கூடாது. டேங்க் சரியில்லைன்னு கேஸ் சிலிண்டரை டேங்க்கா மாத்திக் குடுக்கறேன்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க, அது உயிரோட விளையாடற வேலை.

டேங்க் ஓகேன்னா ஸ்டார்ட் பண்ணி 4 பார்ல இருந்து 8 பார் போக எவ்வளவு நேரம்னு ஃபோன்ல டைம் வைங்க. 160 லிட்டர், 4 பார், 640 லிட்டர். நாலு நிமிஷத்துல ஏறினா நிமிஷத்துக்கு 160 லிட்டர், ஒரு சிஎஃப்எம் 28.3 லிட்டர்னு வகுத்தா 5.6 கிட்ட வரும், 2 ஹெச்பிக்கு அது நல்ல ஹெட். ஏழு எட்டு நிமிஷம் ஆச்சுன்னா வால்வு பிளேட்டோ ரிங்கோ போயிருக்கு, அதைச் சொல்லி விலையைக் குறைங்க. கட் ஆனதும் பிரஷர் சுவிட்ச் பக்கம் புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்து நிக்கணும். நிக்காம சீறிக்கிட்டே இருந்தா நான்-ரிட்டர்ன் வால்வு (டேங்க் காத்து பம்ப்புக்குத் திரும்பாம தடுக்கறது) லீக், சின்ன செலவுதான், ஆனா அப்படியே விட்டா அடுத்த தடவை மோட்டார் லோடுல ஸ்டார்ட் ஆகி காயில் போகும். சேஃப்டி வால்வோட வளையத்தை இழுத்துப் பாருங்க, காத்து அடிக்கணும், விட்டா மூடணும். பெயின்ட் அடிச்சு இறுகிப்போய் இருந்தா மாத்திடுங்க.

கடைசியா வெள்ளைப் பேப்பர் ஒண்ணை அவுட்லெட்டுக்கு முன்னாடி அரை நிமிஷம் பிடிங்க. மஞ்சளா ஆயில் புள்ளி நிறைய விழுந்தா ரிங் தேஞ்சிருக்கு, டயருக்கு ஓடும், பெயிண்டுக்கு ஆகாது. வாங்கினதும் பழைய ஆயிலை விட்டுட்டு கம்ப்ரசர் ஆயில் ஊத்துங்க. வண்டிக்கு ஊத்தற இஞ்சின் ஆயில் வேண்டாம், அதுல இருக்கற டிடர்ஜென்ட் தண்ணியோட கலந்து பால் மாதிரி ஆயிடும், வால்வு பிளேட்ல கரி கட்டும்.

திருச்சி_800:

நேத்து போய் பாத்துட்டு வந்தேன். தண்ணி பழுப்பா வந்துச்சு, செதில் இல்ல, தட்டினா எல்லா இடத்துலயும் ஒரே சத்தம். 4லிருந்து 8க்கு அஞ்சு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. பேப்பர்ல ரெண்டு மூணு சின்னப் புள்ளிதான். சீறல் சத்தம் மட்டும் நிக்கவே இல்ல. 16,500க்கு ஒத்துக்கிட்டாரு, ஹைட்ரோ டெஸ்ட் பாத்துட்டு மீதி தர்றேன்னு அட்வான்ஸ் குடுத்திருக்கேன். மெயின் போர்டுல இருந்து தனி லைன் இழுக்க எலக்ட்ரீஷியன் ஞாயித்துக்கிழமை வர்றார். சாண்டர் கரண்ட்ல ஓடுறதுதான், பிரேக் தூசி இனிமே ஈரத்துணிதான். 2கே அடிக்கிறதுக்கு தஞ்சாவூர் ரோட்டுல பூத் வச்சிருக்கிற ஒரு ஷெட்ல கேட்டேன், நாள் வாடகைக்குத் தர்றேன்னாங்க, கூட நின்னு சொல்லியும் தருவாங்களாம். ப்ரைமர் வரைக்கும் வீட்டுலயே முடிச்சிட்டு வண்டியை அங்க ஓட்டிட்டுப் போகப்போறேன். ஹோஸ் என்ன சைஸ் வாங்கறது?

காயில்_கோவை:

நல்ல விலைங்க, அஞ்சு நிமிஷம்னா 4.5 சிஎஃப்எம் கிட்ட வருது, வால்வு பிளேட் சுத்தம் பண்ணி நான்-ரிட்டர்ன் வால்வு மாத்தினா இன்னும் ஏறும். ஏர் ஃபில்டரையும் கழட்டிப் பாருங்க, பஞ்சர் கடைத் தூசியில அடைச்சிருக்கும், அதுலயே பாதி நிமிஷம் குறையலாம்.

ஹோஸ் உள்விட்டம் 8 மில்லி, பத்து மீட்டருக்கு மேல போனா 10 மில்லி. கடையில 8 மில்லி பியூ (பாலியூரித்தேன்) ஹோஸ்னு கேட்டா வெளிவிட்டம் 8, உள்ள 5 மில்லி ஓட்டை இருக்கறதை எடுத்துக் குடுப்பாங்க. அதுல கன் டிரிக்கரை அமுக்கின உடனே பிரஷர் சரசரன்னு இறங்கும், கம்ப்ரசர்லதான் கோளாறுன்னு தேடிட்டு இருப்பீங்க. குயிக் கப்ளரும் ஓட்டை பெருசா இருக்கறதா வாங்குங்க. ரெகுலேட்டரை செட் பண்றப்போ டிரிக்கரை அமுக்கிப் பிடிச்சுட்டே கன் கிட்ட இருக்கற மீட்டரைப் பாத்து 2 பார் வைங்க, டிரிக்கரை விட்டப்புறம் முள்ளு மேல ஏறும், அதைக் கண்டுக்காதீங்க.